ஒரே சீரா நொண்டு, மச்சான்

என் மச்சானுடைய காலைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் தங்கை, "எழுதுறதுக்கு ஒனக்கு ஒலகத்துல வேற காலே கெடைக்கலயா?" என்றாள். கிடைக்கவில்லை. இந்த ஐம்பது வயதுக்குள் நான் உற்றுப் பார்த்த ஒரே கால் அதுதான். என் சொந்தக் காலைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. கடையில் செருப்பு அளவு கேட்டால் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்ப்பேன்.

மச்சான் என்பது இந்தத் தங்கையின் புருஷன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். அதனால் மாப்பிள்ளை முறுக்கு, மைத்துனன் மரியாதை எதுவும் எங்களுக்குள் கிடையாது. அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான், கோபம் வந்தால் இரண்டு பேரும் 'டேய்'. எனக்குக் கோபம் அடிக்கடி வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் பேசிய பேச்சையெல்லாம் பின்னால் எழுதத்தான் போகிறேன்.

எங்களுக்கு மலைத் தோட்டத்தில் தேயிலை வெட்டும் வேலை. எங்கள் பக்கத்தில் இப்போது எல்லாம் மெசின். ஓர் ஆள் உயரத்துக்கு நீளமான, லேசாக வளைந்த கத்தி. ஒரு முனையில் இஞ்சின். பின்னால் நீளமான துணிப்பை. செடி வரிசையை நிரை என்போம். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், நடுவில் இடுப்பளவு செடி. இரண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து, முகத்துக்கு முகம் பார்த்தபடி பக்கவாட்டில் நகர வேண்டும். கத்தி செடியின் தலையை வழித்துக்கொண்டே போகும். வெட்டின கொழுந்தைக் காற்று அடித்துப் பைக்குள் தள்ளும். பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதாக ஒருவர் பின்னால் வருவார்.

ஒருத்தன் ஓர் அடி முந்தினால் கத்தி கோணும். ஒருத்தன் கை தாழ்ந்தால் கத்தி செடிக்குள் இறங்கி, முற்றின குச்சியையும் சேர்த்து அறுக்கும். அப்படி அறுபட்ட செடி மறுபடி தளிர்க்க நாளாகும். அதனால் செடியின் தலை மேசைபோல் சமமாக இருக்க வேண்டும். அதை மட்டம் என்போம். எங்கள் வேலையில் நல்ல பேர், கெட்ட பேர் எல்லாமே மட்டத்தில்தான்.

எட்டு வருஷம் நானும் மச்சானும் ஒரே மெசினைப் பிடித்தோம். எட்டு வருஷமும் சண்டைதான். பந்து விளையாட்டுக்குச் சண்டை, தேர்தலுக்குச் சண்டை, தீபாவளி ஆட்டில் ஈரல் யாருக்கு என்று சண்டை. இஞ்சின் சத்தத்தில் காது கேட்காது என்பதால் கத்திக் கத்தியே சண்டை போட்டோம். ஆனால் காலுக்கும் காலுக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அவன் நின்றால் நான் நிற்பேன், நான் நகர்ந்தால் அவன் நகர்வான். அது எப்படி என்று யாராவது கேட்டிருந்தால், இதெல்லாம் ஒரு கேள்வியா என்று அவர்களையும் திட்டியிருப்பேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் மச்சான் மோட்டார் சைக்கிளில் தானா ராத்தா டவுனுக்கு இறங்கும்போது, யாரோ ஒரு காய்கறி லோரிக்காரன் சிந்திவிட்டுப் போன சேற்றில், வளைவில் வழுக்கி விழுந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்தது. கம்பி வைத்தார்கள். ஆறு மாதம் வீட்டில் கிடந்தான். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது, கணுக்காலும் முன்போல மடங்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் எனக்கு நாலு ஜோடி மாற்றினார்கள். நாலு பேரும் என் வாய்க்குப் பயந்து ஓடிப்போனார்கள்.

அவன் திரும்பி வந்த அன்று காலை, ஆள் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கு எழுதும் கிராணி எங்கள் இரண்டு பேரையும் ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் பேனாவை மூடி மூடித் திறப்பார். அன்றைக்கு மூடி மூடித் திறந்தார்.

"மேனேஜர் தொர சொல்லிட்டாரு. ரெண்டு மாசம் மெசின்ல விட்டுப் பாப்போம். அப்புறம் அவரே வந்து பாப்பாரு. மட்டம் சரியா வரலேன்னா வேலைக்கு ஆகாதுன்னு எழுதிருவாங்க. ஒக்காந்து செய்யுற வேல இப்ப எதுவும் காலி இல்லலா."

எழுதிவிட்டால் என்ன என்பது எங்களுக்குத் தெரியும். மச்சான் குடியிருக்கும், தோட்டம் கொடுத்த லயத்து வீடு அவன் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவன் மகள், என் மருமகள், இந்த வருஷக் கடைசியில் எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை எழுத வேண்டும். வீடு போனால் மலையைவிட்டு இறங்கி, கெடா மாநிலத்தில் அவன் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். பரீட்சைக்கு முன்னால் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதல் தடவையாக, புத்தகத்தை யாரும் சொல்லாமலே எடுக்கிற பிள்ளை. சமையலறை மேசையில் உட்கார்ந்து அது படிக்கும்போது என் தங்கை குக்கரைக்கூட விசில் அடிக்க விடமாட்டாள்.

எனக்கு அந்தப் பயம் இல்லை. என் வீட்டுக்காரி நாற்றுமேடையில் வேலை செய்கிறாள், எங்கள் வீடு அவள் பேரில் இருக்கிறது. அதைப் பெரிய சாதனைபோல அவள் வாரம் ஒரு தடவை எனக்கு ஞாபகப்படுத்துவாள்.

முதல் நாள் நல்ல பனி. நான் இஞ்சின் கயிற்றை இழுத்தேன். மூன்று அடி நன்றாகப் போனோம். நாலாவது அடியில் அவன் பக்கம் தாழ்ந்து, கத்தி கர்ரென்று குச்சியைக் கடித்தது. தூக்கினோம். இரண்டு அடி போனதும் மறுபடி கடித்தது. பிறகு ஆறு அடி ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன், ஏழாவதில் மொத்தமாக இறங்கியது. நிரை முடிவில் திரும்பிப் பார்த்தால், ஆடு மேய்ந்த மாதிரி கிடந்தது.

இஞ்சினை அணைத்தேன். வாயை அணைக்கவில்லை.

"டேய் மச்சான், நொண்டு, வேணாங்கல. நொண்டுறதுதான் நொண்டுற, ஒரே சீரா நொண்டித் தொலையேன்லா!"

அவன் சிரித்துவிட்டான். பையைப் பிடித்திருந்தவரும் சிரித்தார். அப்புறம் மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன வேணும்னாடா நொண்டுறேன்?" என்றான். நான் அப்படி ஒரு பேச்சைப் பேசியிருக்கக் கூடாது. என் நாக்கில் சனி வந்து உட்காருவதற்கு நாள் கிழமையெல்லாம் கிடையாது.

ஆனாலும் என் ஆத்திரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கால் குட்டையானவர்கள் சீராகத்தான் நொண்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, மறுபடி பெரிசு, மறுபடி சிறிசு. அப்படியானால் இரண்டு நாளில் பழகிவிடலாம். மச்சான் கால் அப்படியில்லை. காலைக் குளிரில் இழுக்கும், பத்து மணி வெயிலுக்குக் கொஞ்சம் இளகும். வேர் தடுக்கினால் ஒரு மாதிரி, கல் உருண்டால் ஒரு மாதிரி, வலி வந்துவிடுமோ என்று அவன் பயந்தால் வலிக்கு முன்பே இன்னொரு மாதிரி. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கால் என்ன செய்யும் என்று அந்தக் காலுக்கே தெரியாது.

எண்ணிப் பார்த்தேன். "ஒண்ணு! ரெண்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு நாள் பொறுத்துப்பார்த்துவிட்டு மச்சான் சொன்னான், "எண்ணாதடா. எண்ணிக்கைக்குள்ள கால் வரலேன்னா என்னா பண்றதுன்னு பயமா இருக்கு, பயந்தா இன்னும் இழுக்குது." எண்ணுவதை விட்டுவிட்டு அவன் காலையே பார்க்க ஆரம்பித்தேன். செடிக்கு அந்தப் பக்கம் எட்டி எட்டி, கழுத்து வலிக்கப் பார்த்தேன். கால் இறங்கும், நான் பார்ப்பேன், அதற்கேற்ப என் கையை மாற்றுவேன். அதற்குள் கத்தி கடித்திருக்கும். கண்ணால் பார்த்துவிட்டுச் செய்தால் எப்போதும் ஒரு நொடி பழைய சேதிதான் கைக்கு வந்துசேரும்.

பையைப் பிடிப்பவர் பங்களாதேசத்துக்காரர். எங்களைவிடக் கொஞ்சம் இளையவர், பத்து வருஷமாக இங்கே இருக்கிறார். மலாயையும் எங்கள் தமிழையும் கலந்து அடிப்பார். ஒருநாள் மதியம் அவர் ரொம்பத் தன்மையாக, "அண்ணே, நீங்க காலையே தெங்கோக் பண்றீங்க, பை ரொம்ப ஆடுது" என்றார். நான் காலைப் பார்த்துக்கொண்டே நகர்வதால் பை தாறுமாறாக இழுபடுகிறது என்பது அவர் குறை.

"கால பாக்காம ஒன் மூஞ்சியவா பாக்கச் சொல்ற?" என்றேன்.

அவர் பையில் வந்திருந்த குச்சிகளைப் பொறுக்கி வீசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நிறையக் குச்சி.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கூத்து நடந்தது. லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற பாதையில் அவ்வளவாக ஆள் நடமாட்டம் இருக்காது. பழைய மண்வெட்டிக் காம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அதை மெசின் கைப்பிடிபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மச்சானைப் போலவே நொண்டி நொண்டிப் பக்கவாட்டில் நடந்து பார்த்தேன். அவன் நடப்பது எப்படி என்று என் உடம்புக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த அடி எப்போது இழுக்கும் என்றும் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. காலை இழுத்தேன். வலிக்கும்போது அவன் உதட்டைச் சுளிப்பான், அதையும் சுளித்தேன். நாக்கைக்கூடக் கடித்துக்கொண்டேன். ஒரு மாதிரி வந்துகொண்டிருந்தது, எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. லயத்துப் பிள்ளைகள் மூன்று பேர் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், காய்ந்த துணிக் கூடையோடு என் தங்கை நின்றிருந்தாள்.

"யாருக்குண்ணே காட்டுற?" என்றாள்.

என் கையில் மண்வெட்டிக் காம்பு.

"என் வீட்டுக்காரரு காலு ஒனக்கு வேடிக்கையாப் போச்சா? வீடு போயிருமோன்னு எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. நீ புள்ளைங்கள ஒக்கார வச்சு நொண்டி ஆடுற."

'பழகிப் பாக்குறேம்மா' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பிள்ளைகள் சிரித்த வெட்கம் ஒருபக்கம், கூடப் பிறந்தவளே இப்படி நினைத்துவிட்டாளே என்கிற எரிச்சல் ஒருபக்கம். "ஆமா, நொண்டிதான் ஆடுறேன். டிக்கட் வாங்கிட்டுப் பாரு" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரி, "கால் ஒடஞ்சது அவருக்கு, கொழுப்பு ஏறுனது ஒங்களுக்கு. இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். "அவ வந்து கேக்கட்டும்" என்று தொலைக்காட்சியைப் போட்டேன். என்ன ஓடியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மச்சான் வந்தான். வணக்கம் இல்லை, வசவு இல்லை. எதிர்ப்பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் இஞ்சினைக் கிளப்பினேன். அவளுக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியாமலா இருக்கும்? எப்போது வெடிப்பான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நகர்ந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது, முதலில் மன்னிப்பா முதலில் காரணமா என்று மனசுக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். நிரை முடிந்துவிட்டது.

"அண்ணே, பின்னால பாருங்க" என்றார் பைக்காரர்.

திரும்பிப் பார்த்தேன். அந்த முனையிலிருந்து இந்த முனைவரை மட்டம் படுத்திருந்தது. எங்கோ இரண்டே இடத்தில் கடித்திருந்தது, அவ்வளவுதான். நான் அந்த நிரை முழுக்க அவன் காலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இஞ்சினை அணைத்தேன்.

"மச்சான், நேத்து நான் கேலி பண்ணலடா."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"எனக்கு ஒடஞ்சது எடது காலு. நீ நொண்டுனது வலது காலு. கேலி பண்றவன் சரியான கால்லதான்டா நொண்டுவான். எதுத்தாப்புல நின்னு என்னையவே பாத்துப் பாத்துப் பழகுனவன்தான் கண்ணாடி மாதிரி மாத்தி நொண்டுவான்."

நான் என் கால்களைக் குனிந்து பார்த்தேன். ஆமாம், வலதுதான்.

"நான் எந்தக் கால்ல நொண்டுனேன்னு ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"ஒன் தங்கச்சி நொண்டிக் காட்டுனா. கூடையோட."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனுக்கும். அந்தக் குளிரில், செடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன். "நான் ஏன் சொல்றேன்? அவ ஒன் மேல கோவமா இருக்குற வரைக்கும் என் மேல கோவப்பட நேரம் இருக்காது" என்றான் பாவி. நானும் போய்ச் சொல்லவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது அல்லவா.

அதற்குப் பிறகு நான் அவன் காலைப் பார்ப்பதை விட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மூன்று நாள் நன்றாகப் போகும், நாலாவது நாள் செடியைக் குதறுவோம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று புரிந்தது. அவன் கால் இழுபடுவதற்குச் சற்று முன்னால் கைப்பிடியில் அவன் பிடி லேசாகத் தளரும். அதை நான் யோசித்தால் தவறிவிடும். வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருந்தால் என் கை தானாக அதைக் கேட்டுக்கொள்ளும். என் வலது முட்டி மடங்கும், என் உடம்பும் அவனோடு சேர்ந்து இறங்கும், அவன் கை விட்ட பாரத்தை என் கை தாங்கும், கத்தி கோணாது. சீராக நடக்கவேண்டும் என்ற ஆசையை விட்டபிறகுதான் மட்டம் வர ஆரம்பித்தது.

நான் ரொம்பக் கவனமாகிவிட்டால் மச்சானுக்குத் தெரிந்துவிடும். உடனே இஞ்சின் சத்தத்துக்கு மேலே, "நேத்து நீ வாங்கிட்டு வந்த கறிபாப்புல கறியே இல்லலா! உருளக்கெழங்குக்கு ஒரு பாப்பு!" என்று கடைப் பலகாரத்தை இழுத்துக் கத்துவான். நான் பதிலுக்குக் கத்துவேன். அந்தச் சண்டையில் அரை நிரை மட்டமாகப் போய்விடும்.

இதையெல்லாம் நான்தான் செய்கிறேன், அவனுக்காக நான்தான் நடையை மாற்றிக்கொள்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. ஒருநாள் சோற்று நேரத்தில் அதைக் கொஞ்சம் வெளியே விட்டேன். அவன் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "பசி வந்தா நீ எப்படி நடப்பன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றான்.

"எப்படி?"

"நாலு அடி ஒழுங்கா வருவ. அஞ்சாவது அடி கறிச்சட்டிய நோக்கிப் பாய்வ. சில நாளு மூணாவது அடியே பாய்வ. வீட்ல சண்டன்னா காலையில மொத நிரையிலயே பாய்வ. எட்டு வருசமா நான்தான்டா ஒன்ன இழுத்து இழுத்துப் புடிச்சேன்."

எட்டு வருஷம். இரண்டு பேருடைய காலும் தானாக ஒத்துப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எட்டு வருஷமும் அவன் எனக்கு ஏற்றபடி நடந்திருக்கிறான். ஒருநாள்கூட 'ஒரே சீரா பாயேன்டா' என்று அவன் கேட்டதில்லை. எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், என் தட்டில் இருந்த முட்டையை அவன் தட்டில் வைத்தேன். "உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே தின்றான்.

பள்ளி விடுமுறை வந்தது. மேலே ரோட்டோரம் கார்களை நிறுத்திவிட்டு டவுன் ஜனங்கள் தேயிலையைப் படம் பிடிப்பார்கள். ஒருநாள் யாரோ எங்கள் இரண்டு பேரையும் போனில் படம் பிடித்துக்கொண்டு, நல்ல தமிழில், "பாருங்க, டான்ஸ் ஆடிக்கிட்டே வெட்டுறாங்க" என்றார்கள். வேறொரு நாளாக இருந்தால் மேலே ஏறிப்போய் டான்ஸ் என்றால் என்ன என்று காட்டியிருப்பேன். ஆனால் கைப்பிடியை விட்டால் மச்சான் பக்கம் கத்தி இறங்கிவிடும். முதல் தடவையாக என் வாயை மூட ஒரு காரணம் கிடைத்தது.

இரண்டு மாதம் முடிந்த வாரத்தில், ஒருநாள் காலைப் பெரட்டில் கிராணி பேனாவை மூடி மூடித் திறந்தார். "இன்னிக்குத் தொர வராரு." முந்தின நாள் நல்ல மழை. மண் வழுக்கியது, பனி விலகவே இல்லை. மச்சான் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே, "இன்னிக்கு காலு என் பேச்சக் கேக்காது மச்சான்" என்றான்.

"வாய் என் பேச்ச என்னிக்குக் கேட்டுச்சு? வா, பாத்துக்கலாம்."

இந்தத் துரை மலாய்க்காரர். மச்சான் படுத்துக்கிடந்த காலத்தில் மாற்றலாகி வந்தவர், எங்கள் முகம் அவருக்குப் பழக்கமில்லை. கிராணியோடு மேல் ரோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ரோட்டுப் பக்கம், மச்சான் பள்ளத்துப் பக்கம். கயிற்றை இழுத்தேன்.

அன்றைக்கு அந்தக் கால் போட்ட ஆட்டத்தை நான் என்ன சொல்ல? இழுத்தது, நின்றது, வழுக்கியது, ஒரே அடியில் இரண்டு தடவை இறங்கியது. மச்சான் உதட்டைச் சுளிக்கவில்லை; துரை பார்க்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் அவன் மகளை நினைத்துக்கொண்டேன். சமையலறை மேசையில், குக்கருக்குப் பக்கத்தில் அது பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டேன். என் முட்டி என்னைக் கேட்காமல் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. பை ஒரு தடவைகூடச் சுண்டி இழுபடவில்லை. இரண்டு நிரை போனோம்.

துரை இறங்கி வந்தார். செடிகளின் தலைமேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். பைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்தார். குச்சி இல்லை. "பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். பைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். துரை கிராணியிடம் கால் ஒடிந்தது யாருக்கு என்று கேட்டார். கிராணி மச்சானைக் காட்டினார்.

துரை மலாயில் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "அவரு நல்லாத்தானே நடக்குறாரு. அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. இந்தப் பக்கம் நிக்கிறவருக்குத்தான் கால் ரொம்ப மோசம், பாவம். இவரைப் பத்தி ஏன் எனக்குச் சொல்லல? இவரைத்தான் எழுதணும்."

இந்தப் பக்கம் நிற்பவன் நான். ரோட்டிலிருந்து பார்த்தவருக்கு என் கால்தான் தெரிந்திருக்கிறது. மச்சான் கால் செடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

கிராணி வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் வீடு வீட்டுக்காரி பேரில் இருக்கிறது, என்னை எழுதினால் யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் யோசித்ததே இல்லை. "ஆமாங்க துவான்" என்றேன். "ரெண்டு மாசமா முட்டி சரியில்ல. நடக்க முடியல."

மச்சான் கைப்பிடியை இறக்கிவைத்தான். நிரையைச் சுற்றிக்கொண்டு வந்தான். என் கை இல்லை, மெசின் இல்லை, வழுக்கல் மண்ணில் அவன் கால் தன் இஷ்டத்துக்கு இழுத்து, நின்று, சறுக்கி, எல்லாருக்கும் தெரியும்படி நொண்டி நொண்டி வந்தான். 'போடா, கெடுத்துடாதடா' என்று கண்ணால் கெஞ்சினேன். அவன் வந்து என் பக்கத்தில் நின்று துரையைப் பார்த்துச் சொன்னான்.

"டியா தா தெம்பாங், துவான். டியா ஜாலான் டெங்ஙான் சாயா."

அவன் நொண்டி இல்லை, துரை. அவன் என்கூட நடக்கிறான்.

துரை அவன் காலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு இன்னொரு நிரை வெட்டச் சொன்னார். இந்தத் தடவை மச்சான் பக்கம், அவன் பின்னாலேயே முழு நிரையும் நடந்து வந்தார். நிரை முடிவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யாரையும் எழுத வேண்டாம். இவங்க ரெண்டு பேரையும் பிரிக்காதீங்க" என்று கிராணியிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினார். கிராணி பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

துரையின் வண்டி போனதும் நான் மச்சானைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா வாயத் தொறந்த? காரியம் கெட்டுப் போயிருந்தா என்னடா பண்ணியிருப்ப?"

"ஒன்ன எழுதிட்டா அப்புறம் எனக்கு எவன்டா ஜோடி? கண்டவன்கூட எல்லாம் என்னால நொண்ட முடியாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் மூடி சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.

சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது என் தங்கை வந்தாள். கையில் மூடின சட்டி, வாசம் நெத்திலி சம்பால் என்று சொன்னது. ஐந்து வாரமாக என் வீட்டு வாசல்படி மிதிக்காதவள். பைக்காரர் போகிற வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சட்டியை மேசைமேல் வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

"எந்திரி. நொண்டிக் காட்டு."

"என்னாத்துக்கு?"

"காட்டுன்னா காட்டுண்ணே."

எழுந்தேன். தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வாசல்வரை, இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நாலு அடி நொண்டினேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. புறங்கையால் அதைத் துடைத்தாள்.

"அவருக்கு எடது காலு" என்றாள். "நீ இன்னும் தப்பாத்தான் நொண்டுற."

பிறகு உள்ளே திரும்பி, "அண்ணி, தட்டு எடுத்துட்டு வாங்க" என்று என் வீட்டுக்காரிக்குக் குரல் கொடுத்தாள்.